கோல்பியின் பெயரில்

12 பிப்ரவரி 2006
ஈராக்

அன்புள்ள ரோண்டா அக்காவுக்கு,

இங்கே வந்து சேர்ந்து ஒன்பது நாள் ஆகிறது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மூக்கில்தான் எந்நேரமும் மணல். நீ, டேல் அத்தான், கேசிக்குட்டி எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தானின் முதுகுவலி இந்தக் குளிரில் கொஞ்சமாவது அடங்கியதா?

என்னைத் தகவல் தொடர்பு அறையில் போட்டிருக்கிறார்கள். பூட்டிய அறை. ரகசிய அனுமதி உள்ளவர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம். ஏ.சி. உண்டு. வெளியே வண்டிகளில் போகிறவர்கள் எங்களைப் புதுப்பெண்கள் என்று கேலி செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

ஒரு வேலை சொல்ல வேண்டும். நேற்று இபார்ரா என்ற சார்ஜென்ட் அம்மா பண விஷயமாக எங்களுக்கு வகுப்பு எடுத்தார். கடன் வாங்குகிற எல்லோருடைய ஜாதகமும், யார் எவ்வளவு வாங்கினான், ஒழுங்காகக் கட்டினானா என்ற கணக்கு, மூன்று கம்பெனிகளிடம் இருக்கிறதல்லவா, போருக்குப் போகிறவன் அதில் ஓர் எச்சரிக்கைக் குறிப்பு போட்டுவிட வேண்டுமாம். அதற்குப்பின் என் பெயரில் யார் கடன் கேட்டாலும், அது நான்தானா என்று கடன் கொடுக்கிறவன் விசாரித்த பிறகே கொடுக்க வேண்டும். ஒரு வருஷம் செல்லும். ஒரு கம்பெனிக்குச் சொன்னால் மற்ற இரண்டுக்கும் அவர்களே சொல்லிவிடுவார்கள். “உங்களை எதிரிக்குத் தெரியாது, வட்டிக்கடைக்காரனுக்கு நல்லாத் தெரியும்” என்றார் அந்த அம்மா. எல்லோரும் சிரித்தோம்.

இங்கே போன் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிளம்பும்போது உன் பெயருக்குப் பவர் எழுதிக் கொடுத்தேனே, அது இருப்பதால் நீயே செய்யலாம். நம்பரைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரே ஒரு போன்தான்.

திரும்பி வந்ததும் ஒரு வீடு வாங்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். கடன் ஜாதகம் சுத்தமாக இருந்தால்தான் வீட்டுக்கடன் கிடைக்கும். அதற்காகத்தான் மூன்று வருஷமாக ஐந்நூறு டாலர் கார்டை வைத்துக்கொண்டு, மாதம் ஒரு தடவை பெட்ரோல் போட்டு, மறுநாளே கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கேசிக்கு முத்தம்.
உன் தம்பி,
கோல்பி

*

9 மார்ச் 2006
ப்ரையர் ஃபோர்க், கென்டக்கி

என் தம்பி கோல்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ நன்றாக இருந்தால் அது போதும் எங்களுக்கு. கடிதம் வந்த அன்று கேசி அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் டீச்சரிடம் காட்டிவிட்டு வந்தாள். ஓரத்தில் ஜாம் கறை.

அத்தானுக்குச் சுரங்கத்தில் திரும்ப வேலை கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். முதுகில் இரண்டாவது தடவையும் கத்தி வைத்தாயிற்று. டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஞாயிற்றுக்கிழமையும் போகிறேன். அங்கே ஒரு கிழவர் தினமும் என்னைத் தன் பெண்டாட்டி என்று நினைத்து, “உப்பு போதல, எப்பவும்போலதான்” என்பார். நானும், “முப்பது வருஷமா சாப்பிட்டீங்கல்ல, இன்னிக்கும் சாப்பிடுங்க” என்பேன்.

உன் பழைய வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். நீ சொன்ன போன் விஷயம் மனதில் இருக்கிறது.

தலையில் அந்த இரும்புத் தொப்பியைக் கழற்றாதே.
அக்கா ரோண்டா

*

6 ஏப்ரல் 2006
ஈராக்

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது. அத்தானின் வேலை போனது கேட்டு வருத்தமாக இருக்கிறது. சம்பளத்திலிருந்து மாதம் இருநூறு டாலர் உன் கணக்குக்கு வரும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லாதே.

அந்தப் போனைச் செய்தாயா? தொந்தரவு செய்கிறேன் என்று நினைக்காதே. எங்கள் அறையில் இருந்த ஒரு பையனைப் போன வாரம் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஊரில் அவன் மனைவி மூன்று கார்டை நிரப்பி வைத்துவிட்டாள். அவன் ஒரு காசு செலவழிக்கவில்லை. ஆனால் கடன்காரனிடம் ரகசியத்தைக் கொடுக்கக் கூடாது, அவனை யார் வேண்டுமானாலும் விலைக்கு வாங்கிவிடலாம் என்பது ராணுவத்தின் கணக்கு. இப்போது சரக்கோடு வரிசையாகப் போகும் கான்வாய் வண்டியின் மேல் துப்பாக்கியோடு உட்கார்ந்து போகிறான். அந்தச் சாலையில் வாரம் ஒரு வண்டியாவது வெடிக்கிறது.

அதனால்தான் கேட்கிறேன்.
தம்பி,
கோல்பி

*

2 மே 2006
ப்ரையர் ஃபோர்க்

கோல்பி கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் பணம் வந்தது. உனக்குக் கோடி புண்ணியம்.

போன் பண்ணியாயிற்று. ஒரு பெண் பேசினாள். ரொம்ப மரியாதை. “உங்க தம்பி நாட்டுக்காக அங்க இருக்காரு, அவர் பேரை நாங்க பார்த்துக்கிறோம்மா” என்றாள். நீ நிம்மதியாக இரு.

அத்தானுக்கு ஒஹையோவில் லாரி கம்பெனி ஒன்றில் வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. போய்வர ஒரு பிக்கப் வண்டி எடுத்திருக்கிறார். சிவப்பு நிறம். கேசி அதன் பின்னால் நின்றுகொண்டு ஊர்வலம் போகிறாள்.

ஆறு ஜோடி காலுறையும் மிட்டாயும் தனியே அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததும் எழுது.
அக்கா

*

1 ஜூன் 2006
ஈராக்

அக்காவுக்கு அன்புடன்,

காலுறை வந்தது. மிட்டாய் உருகி ஒரே கட்டியாகிவிட்டது. டஃபோயா அதைக் கத்தியால் வெட்டி எல்லோருக்கும் பங்கு வைத்தான். டஃபோயா என் பக்கத்து நாற்காலிக்காரன். ஊரில் இருக்கும் வீடுகளின் விலைப் பட்டியலை இன்டர்நெட்டிலிருந்து எடுத்துத் தருவான். லாரல் சாலையில் மூன்று அறை வீடு ஒன்று விலைக்கு இருக்கிறது. ஒரு அறை உங்களுக்கு என்று சொன்னேன். “அக்காவையும் அத்தானையும் கூட வச்சுக்கிட்டா உனக்கு எவன்டா பொண்ணு தருவான்” என்கிறான்.

போன் செய்ததற்கு நன்றி. அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன். என் பெயருக்கு ஏதாவது தபால் வந்திருந்தால் பிரிக்காமல் கட்டி அனுப்பு.
கோல்பி

*

24 ஆகஸ்ட் 2006
ஈராக்

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. ஜூலையில் இரண்டு தடவை போன் கிடைத்தது. அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. உடம்பு சரியில்லையா? கேசிக்கு ஏதாவது?

இங்கே ஒரு விஷயம் நடந்துவிட்டது. பதறாமல் படி. போன திங்கட்கிழமை கேப்டன் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். என் கடன் ஜாதகம். மார்ச் மாதம் ஒரு கார்டு, ஏப்ரலில் இன்னொன்று. அதே ஏப்ரலில் இருபத்து மூன்றாயிரம் டாலருக்கு ஒரு வண்டிக்கடன். பிறகு வட்டிக்கடை ஒன்றில் இரண்டு தடவை ரொக்கம். எதற்கும் தவணை கட்டவில்லை. ஜூலையில் கடைசியாக ஒரு பெரிய தொகை கார்டில் ஏறியிருக்கிறது. எச்சரிக்கைக் குறிப்பு எதுவும் அதில் இல்லை. எல்லாம் பவர் பத்திரத்தைக் காட்டிப் போட்ட கையெழுத்து.

யாரோ திருடன் உன் பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்திருக்கிறான் அக்கா. அப்படித்தான் கேப்டனிடம் சொன்னேன். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தாளை மடித்து உறைக்குள் வைத்தார். முறையாகப் புகார் கொடுத்தால் என் அனுமதி தப்பிக்கலாமாம். வீட்டுக்கு வந்துபோனவர்கள் யார் யார், பூட்டு எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுது. யாராக இருந்தாலும் எழுது.

உன் பதிலுக்காகத்தான் இருக்கிறேன்.
தம்பி,
கோல்பி

*

15 செப்டம்பர் 2006
ப்ரையர் ஃபோர்க்

தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். கேசிக்கு இருமல், இப்போது தேவலை. போன் கம்பி அறுந்துபோயிற்று. அத்தான் ஊரில் இல்லை.

பெட்டியைப் பார்த்தேன். பத்திரம் உள்ளேதான் இருக்கிறது. பூட்டு உடையவில்லை. சாவி என் கழுத்தில்தான் இருக்கிறது.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.
ரோண்டா

*

20 அக்டோபர் 2006
ஈராக்

அக்காவுக்கு,

நீ எழுதிய கடிதம் கிடைத்து இரண்டு வாரம் ஆகிறது. நலமாக இருக்கிறேன் என்றுதான் முதல் வரி எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

என்னை அந்த அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். செப்டம்பர் முப்பதிலிருந்து கான்வாயில் போகிறேன். மூன்றாவது வண்டி, மேலே துப்பாக்கி. என் பழைய நாற்காலியில் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். டஃபோயா சாப்பாட்டுக் கூடத்தில் என்னைப் பார்த்தால் தட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவான். ஒன்றும் கேட்க மாட்டான்.

இபார்ரா அம்மாவிடம் போனேன். புகார்த் தாளை என் முன்னால் வைத்து, “இங்க பேர் எழுதணும்” என்றார்.

“பேர் தெரியாதுன்னு எழுதலாமா?”

“எழுதலாம். பவர் யார்கிட்ட இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும். அப்புறம் பொய் சொன்னேன்னு வேற ஒரு தாள் வரும்.”

நான் எழுதவில்லை. அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, “எனக்கும் ஒரு அண்ணன் இருந்தான். எழுதினேன். ஏழு வருஷமாச்சு, இன்னும் எங்கம்மா என்கிட்ட பேசல. எழுதுன்னும் சொல்ல மாட்டேன், வேணாம்னும் சொல்ல மாட்டேன். தேதியை மட்டும் மறக்காதே” என்றார்.

இந்தக் கடன்களைப் பற்றி ராணுவம் கேட்டதற்கு நவம்பர் முப்பதுக்குள் நான் பதில் எழுதித் தர வேண்டும். அதற்குள் நீ எனக்கு உண்மையைச் சொல். வண்டியை விற்க முடியுமா? அத்தானிடம் பேசு. எவ்வளவு மிச்சம் இருக்கிறது? அம்மா செத்தபோது எனக்கு ஆறு வயது, உனக்குப் பதினாறு. என்னை அரசாங்கம் கொண்டுபோகாமல் இருக்கப் பள்ளிக்கூடத்தை விட்டவள் நீ. உன்னிடம் கோபமாகக் கேட்க எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.
கோல்பி

*

21 நவம்பர் 2006
ப்ரையர் ஃபோர்க்

என் கோல்பிக்கு,

நீ உயிரோடு, கை கால் சுகத்தோடு இதைப் படிக்க வேண்டும்.

டேல் செத்துப்போய்விட்டார். ஜூலை ஒன்பதாம் தேதி. பெட்ரோல் பங்க் வாசலில், அந்தச் சிவப்பு வண்டிக்குள்ளே. தூங்குகிறார் என்று நினைத்து மதியம் வரை யாரும் தட்டிப் பார்க்கவில்லை. ஒஹையோ வேலை என்று ஒன்றும் இல்லை. நான் கட்டிய கதை. செத்தார் என்று எழுதினால் எப்படி என்று கேட்பாய். மாத்திரையால் என்றால், அவ்வளவு மாத்திரை ஏது என்று கேட்பாய். வாங்கினார் என்றால், எந்தப் பணத்தில் என்று கேட்பாய். அதனால் முதல் வரியையே எழுதாமல் விட்டேன்.

மார்ச் நடுவில் டாக்டர் மாத்திரையை நிறுத்தியதும் அவர் வெளியே வாங்க ஆரம்பித்தார். ஒரு மாத்திரை எண்பது டாலர். கிடைக்காத நாளில் தரையில் சுருண்டு கிடப்பார். “உன் தம்பி பேரு சுத்தமா கிடக்குல்ல, ஒரே ஒரு தடவைடி, வேலை கிடைச்சதும் கட்டிடலாம்” என்றார். அந்த முதல் கார்டுக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன். அவர் பத்திரத்தைத் திருடவில்லை. வண்டிக்கும் நான்தான். வண்டி இருந்தால் வேலை தேடிப் போவார் என்று நம்பினேன். வண்டியைக் கடன் கம்பெனிக்காரன் செப்டம்பரிலேயே இழுத்துக்கொண்டு போய்விட்டான். ஏலத்தில் ஒன்பதாயிரம்தான் தேறியது, மிச்சம் உன் தலையில். ஜூலையில் ஏறிய பெரிய தொகை சவப்பெட்டிக்கும் குழிக்கும். நீ அனுப்பிய இருநூறும் அவர் கைக்குத்தான் போயிற்று.

போன் பண்ணினேன் என்றது பாதி நிஜம். மெஷின்தான் பேசியது. எச்சரிக்கை வைக்க ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினால் அடுத்த கார்டு கிடைக்காது. வைத்துவிட்டேன். மரியாதையாகப் பேசிய பெண்ணை நான்தான் உண்டாக்கினேன்.

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் அதைத் தொடவே பயமாக இருந்தது. நேற்று ஷெரிப் ஆபீசுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். தம்பிக்கு ஒன்றும் தெரியாது, அவன் அனுமதி இல்லாமல் செய்தேன் என்று தெளிவாக எழுதச் சொன்னேன். அங்கிருந்த ஆள், “ரோண்டா, வக்கீல் வெச்சுக்கிட்டு வாம்மா” என்று இரண்டு தடவை சொன்னார். வக்கீலுக்கு யார் பெயரில் கடன் வாங்குவது?

நீயும் என் பெயரை எழுது. தயங்காமல் எழுது. உன் அறைக்குத் திரும்பிப் போ. அந்தச் சாலையில் போகாதே.
அக்கா

*

11 டிசம்பர் 2006
ஈராக்

அக்காவுக்கு,

அத்தான் விஷயம் படித்தேன். அவரைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பாவம் கேசி.

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. முப்பதாம் தேதி வரை பொறுத்தேன். ஒவ்வொரு தபால் பைக்கும் போய் நின்றேன். நீ வாயைத் திறக்க மாட்டாய் என்று முடிவு செய்துகொண்டு, முப்பதாம் தேதி மாலை பதிலை எழுதிக் கொடுத்துவிட்டேன். கடன் எல்லாம் என்னுடையது, எனக்குத் தெரிந்து, நான் சொல்லித்தான் அக்கா கையெழுத்துப் போட்டாள் என்று. சத்தியம் செய்து கையெழுத்திட்டேன். அப்படி எழுதினால் உன்னை யாரும் தொட முடியாது என்று நினைத்தேன்.

இப்போது உன் வாக்குமூலமும் அவர்களிடம் வந்துவிட்டது. கேப்டன் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “கோல்பி ஸ்டிட்ஹாம், கடன் இருந்தா ரெண்டு வருஷத்துல சரி பண்ணிடலாம். சத்தியம் பண்ணிப் பொய் சொன்னவனுக்கு வழியே கிடையாது. ஏன்டா இப்படிப் பண்ணே?” என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

என் பொய்யைத் திரும்பப் பெற்றால், பொய் சொன்னது நிஜமாகிவிடும். பெறாவிட்டால் கடன் முழுவதும் நிஜமாகிவிடும், இனி நான் கொடுக்கும் புகாரும் செல்லாது. இரண்டில் எதைச் செய்தாலும் அனுமதி போனது போனதுதான். அதனால் நேற்று மாலை, நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். உன் பெயரும் அதில் இருக்கிறது அக்கா.

நாளைக் காலை மறுபடி சாலை.
கோல்பி

*

30 ஜனவரி 2007
ப்ரையர் ஃபோர்க்

தம்பிக்கு,

நீ திரும்பி வர இன்னும் பத்து நாள்தான் என்று நாட்காட்டியில் கிழிக்கிறாள் கேசி. பத்திரமாக வந்து சேர்.

குற்றத்தை ஒப்புக்கொண்டேன். பிப்ரவரி கடைசியில் உள்ளே போக வேண்டும். மாவட்டச் சிறையில் பத்து மாதம். கேசியைக் கூட்டிப்போக டேலின் தங்கை டேட்டனிலிருந்து வருகிறாள். நல்லவள்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். “நான் வளர்க்கிறேன், ஆனா அவ அம்மா பேரை இந்த வீட்டுல எடுக்கக் கூடாது” என்று நான் கடையிலிருந்து போன் பண்ணியபோதே சொல்லிவிட்டாள்.

நீ வந்து கேசியை வைத்துக்கொள்வாயா என்று கேட்கத்தான் நினைத்தேன். கேட்க எனக்கு வாய் இல்லை.
ரோண்டா

*

17 ஏப்ரல் 2007
லெக்சிங்டன், கென்டக்கி

அக்காவுக்கு,

அந்தச் சாலையில் எனக்கு அடி ஒன்றும் படவில்லை. இடது காதில் மட்டும் ஓயாமல் ஓர் இரைச்சல். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா? சமையலறையில் வேலை கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

மார்ச்சோடு என் ஒப்பந்தக் காலம் முடிந்தது. திரும்பச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இங்கே ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றுகிறேன். டஃபோயா இன்னும் எழுதுகிறான். ஒரு கம்பெனியில் தகவல் தொடர்பு வேலை இருக்கிறது என்று அவன் சொன்னதன்பேரில் போனேன். எல்லாப் பரீட்சையும் தேறினேன். கடைசியில் கடன் ஜாதகத்தைப் பார்த்தார்கள்.

கேசிக்காகப் பிள்ளைகள் நல அலுவலகத்துக்கும் போனேன். என் பெயரில் வாடகை ஒப்பந்தம் இருந்தால், அதில் அவளுக்கென்று ஓர் அறை இருந்தால், யோசிப்போம் என்றார்கள். பதினொரு வீடு பார்த்தேன். எல்லாரும் சிரித்துப் பேசி, வீட்டைச் சுற்றிக் காட்டி, சிப்பாய் என்றதும் கை குலுக்கி, கடன் ஜாதகம் பார்க்க அடையாள எண்ணை வாங்கிக்கொண்டு போவார்கள். மறுநாள் வீடு வேறொருவருக்குப் போயிருக்கும். கடைசி வீட்டுக்காரி மட்டும் உண்மையைச் சொன்னாள்: “தம்பி, நீங்க நல்லவராத்தான் தெரியறீங்க. இந்தத் தாள்ல இருக்கிறவருக்கு நான் வீடு குடுக்க முடியாது.”

கடன் கம்பெனிகளுக்கு நான் கொடுத்த புகார் நிலுவையில் இருக்கிறதாம். இரண்டு கார்டுக் கம்பெனியும் ஏற்கவில்லை. பத்திரம் நானே மனமொப்பி எழுதிக் கொடுத்தது என்கிறார்கள். அது நிஜம்தானே. என் கடன் ஜாதகம் சரியாக ஏழு வருஷம் ஆகும். அப்போது கேசிக்குப் பதினைந்து வயது.

போன ஞாயிறு டேட்டன் போய் அவளைப் பார்த்தேன். உயரமாகிவிட்டாள். “மாமா, வீடு கிடைச்சுதா?” என்று வாசலிலேயே கேட்டாள். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அதற்கப்புறம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கிளம்பும்போது டாட்டாவும் காட்டவில்லை.

சனிக்கிழமைகளில் உன்னைப் பார்க்க வரலாமாம். உள்ளே இருப்பவர் எழுதிக் கொடுக்கும் பட்டியலில் வருகிறவன் பெயர் இருக்க வேண்டும். என் பெயரை எழுதிக் கொடு. பிறந்த தேதியும் அடையாள எண்ணும் கேட்பார்கள். அது உனக்கு மனப்பாடம்.

கோல்பி